எட்வர்டு மகாராஜாவின் ஏழைப் பேரன்கள்

'ஈஸ்ட்எண்டர்ஸ்' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரில் மதுக்கடைக்காரராக நடித்த டேனி டையர், இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டின் வாரிசு என்று 2016-இல் பிபிசி நிகழ்ச்சியொன்று கண்டுபிடித்துச் சொன்னது. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். பிளந்தவர்களில் பெரும்பாலோரும் அதே எட்வர்டின் பேரன் பேத்திகள்தான். கையில் காகிதம் இல்லை, அவ்வளவே. அப்பா அம்மா இருவர், தாத்தா பாட்டிகள் நால்வர் என்று இரட்டித்துக்கொண்டே போனால், முப்பதாவது தலைமுறையில் 107 கோடி முன்னோர்கள் வேண்டும். அன்றைக்கு உலகத்திலேயே அத்தனை ஜனம் கிடையாது. ஆகவே ஒரே ஆள் பல கிளைகளில் பல வேஷம் கட்டித்தான் தீரவேண்டும். 800-இல் ரோமில் முடிசூடிய சார்லமேன் இன்றைய ஐரோப்பியர் எல்லாருக்குமே பாட்டன் என்று மரபியலாளர் ஆடம் ரூதர்ஃபோர்டு சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

அப்படியானால் இணையத்தில் தேடுகிறவர்களுக்கு ராஜாவே அகப்படுகிறார், அவருக்கு ஆடு மேய்த்தவர் அகப்படுவதில்லையே? பாவம், மேய்த்தவர் பெயரை எழுதிவைக்க ஆளில்லை. ஊர்தோறும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் ஞாயிற்றுக்கிழமைகளில் புத்தகத்தில் பதிந்து, இரட்டைப் பூட்டுப் பெட்டிக்குள் வைக்கவேண்டும் என்று இங்கிலாந்து மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் உத்தரவு போட்டதே 1538-இல்தான். (இதற்கும் வரி போடப்போகிறார்கள் என்று ஜனங்கள் மிரண்டது தனிக்கதை.) அதற்கு முன்னால் ஏட்டில் ஏறியவர்கள் பெரும்பாலும் நிலமும் பட்டமும் உள்ளவர்கள். ஆகவே அந்த ஆண்டைத் தாண்டி மேலே ஏறுகிறவர் பிடித்துக்கொள்ளப் பிரபு வீட்டுக் கிளைதான் மிச்சம். அங்கிருந்து அரண்மனைக்குப் படிக்கட்டே கட்டிவைத்திருக்கிறார்கள். டையர் ஏறியதும் குரோம்வெல்லின் மருமகள் எலிசபெத் சீமோர் வழியாகத்தான். பதிவேடு எழுதச் சொன்ன மனிதரே ஒரு பாட்டனாக வந்து நிற்கிறார்!

"எல்லாருக்கும் பாட்டன் என்பது வேறு, பெயர் பெயராக நிரூபிப்பது வேறு" என்பார்கள். நியாயம். ஆனால் அந்தப் பெருமை எழுதிவைத்த குமாஸ்தாக்களுக்குச் சேரவேண்டியது. அதிலும் இணைய வம்சாவளிகளில் ஒருவர் மரத்தை இன்னொருவர் அப்படியே ஒட்டிக்கொள்வதில், மகனுக்குப் பிறகு பிறந்த தாய்மார்களும் உண்டு. "ரத்தம் என்று ஒன்று இருக்கிறதே?" என்பார்கள் அடுத்து. தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகிற மரபணுவில், இருபது தலைமுறைக்கு முந்திய ஒரு பாட்டனுடைய பங்கு அநேகமாகப் பூஜ்யம். மூக்கு எட்வர்டு மாதிரி இருந்தால் அது தற்செயல். மேலும், அந்த எட்வர்டு பிரான்ஸோடு சண்டை போட ஃபிளாரன்ஸின் பார்டி, பெருஸ்ஸி வங்கிகளில் வாங்கிய கடனை ஒழுங்காகத் திருப்பவில்லை. வாரிசு என்று கை தூக்குகிறவர்களில் அந்தப் பாக்கியைப் பற்றி விசாரித்தவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.