விசேஷ வீட்டு அம்மை இலக்கணம்

காதுகுத்து வீட்டில் சின்னம்மை புகுந்த வழியைத் தேடுவோர்க்குச் சான்று மூன்று: நாட்கணக்கு, ஆட்கணக்கு, மொய்க்கணக்கு.

நாட்கணக்கு எளிது. தொற்றியதற்கும் முத்து போடுவதற்கும் இடையே 10 முதல் 21 நாள். பிள்ளைக்கு முத்து கண்ட நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஒரு விசேஷம் அகப்படும். முகூர்த்த மாதமானால் இரண்டு அகப்படும். இரண்டில் சம்பந்தி வீட்டு விசேஷத்தையே குற்றம் சொல்வது உலக வழக்கு.

ஆட்கணக்கில் வந்தோர் நால்வகையர்: கொண்டுவந்தோர், வாங்கிப்போனோர், சிறுவயதிலேயே போட்டுத் தீர்த்தோர், ‘நமக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது’ என்போர். நான்காமவர் முதல் மூன்றில் எதிலும் அடங்குவர். கொண்டுவந்தோரை வைதல் தகாது. முத்து வெளிப்பட ஒன்றிரண்டு நாள் முன்பே நோய் பரவத் தொடங்கிவிடும். அன்று தாய்மாமனுக்கு இருந்தது லேசான உடம்புவலிதான், பஸ்ஸில் வந்த அலுப்பென்று நினைத்திருப்பார். மூச்சுக்காற்றில் பரவும் நோய்க்கு, மருமகனை மடியில் இருத்திக் காது குத்துவதைவிடத் தோதான சடங்கு வேறில்லை.

இதற்குப் புறனடை: கொண்டுவந்தவருக்கு அம்மை போட்டிருக்க வேண்டும் என்பதில்லை. சின்னம்மை இறங்கிய பின்னும் அதன் வைரஸ் நரம்பில் பதுங்கிக் கிடந்து, பல்லாண்டு கழித்து அக்கியாக எழும். காவி குழைத்து அக்கி எழுதிக்கொண்ட அப்பத்தா பேரனை அள்ளிக் கொஞ்ச, கொப்புள நீர் பட்டு அவனுக்கு வருவது அக்கியன்று, சின்னம்மை. ‘எங்க வீட்ல யாருக்கும் அம்மை இல்லையே’ என்று சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்யும் குடும்பத்திடம் அக்கியைப் பற்றித் தனியே கேட்கவேண்டும்.

இத்துறைக்கு ஆசிரியர் எட்கர் ஹோப்-சிம்சன், இங்கிலாந்தின் சைரன்செஸ்டரில் குடும்ப வைத்தியர். வீட்டில் ஒருவருக்கு வந்தால், அதுவரை வராத பிள்ளைகளில் நூற்றுக்கு எத்தனை பேருக்குத் தொற்றும் என்று கணக்கெடுத்து 1952-இல் வெளியிட்டார்: தட்டம்மை ஏறக்குறைய 76, சின்னம்மை 61, புட்டாளம்மை 31. அக்கி என்பது பழைய சின்னம்மையின் மறுவருகை என்று 1965-இல் வாதிட்டவரும் இவரே. வீடு வீடாகக் கவனித்துக் கண்டது. மொய் நோட்டு அவருக்கு வாய்க்கவில்லை.

வாய்த்திருந்தாலும் ஏமாந்திருப்பார். பெயர், ஊர், தொகை எல்லாம் வரிசையாக இருப்பதால் அதை உத்தமச் சான்று என்பர் சிலர். அதிலிருப்பது கொடுத்தோர் பட்டியல், வந்தோர் பட்டியலன்று. ஆள்வசம் பணம் கொடுத்தனுப்பிய சிங்கப்பூர்ச் சித்தப்பா அதில் உண்டு. அவரவர் கையைப் பிடித்து வந்த வாண்டுகள் இல்லை. அம்மை போடாதோர் பெரும்பாலும் அவர்களே. பந்தி பரிமாறியவர், எச்சில் இலை எடுத்தவர், நாற்காலி இறக்கிய பையன், ஒருவரும் இல்லை. மொய் எழுதியவர் தம் பெயரையும் எழுதியிரார். வந்தவர் ஒவ்வொருவரும் அவர் முகத்தருகே குனிந்துதான் பெயர் சொன்னார்கள் என்பதால் முதலில் விசாரிக்க வேண்டியவர் அவரே. விசாரித்தால், யார் செய்ததைவிடக் குறைத்துத் திருப்பினார்கள் என்ற விவரம் முழுதாகக் கிடைக்கும். யார் இருமினார்கள் என்பது கிடைக்காது.