அலுமினியத் தாள் தொப்பி: தோற்றமும் வளர்ச்சியும்

அலுமினியத் தாள் தொப்பி என்பது, வீட்டில் சப்பாத்தி சுற்றவும் உணவுக்கடையில் பிரியாணி கட்டவும் பயன்படும் மெல்லிய உலோகத் தாளைத் தலையின் வடிவத்துக்கேற்ப மடித்து, வெளியிலிருந்து வரும் அலைகள் மூளைக்குள் நுழையாமலும் மூளைக்குள் இருப்பவை வெளியே கசியாமலும் தடுக்கும் பொருட்டு அணியப்படும் தலைக்காப்பு ஆகும். இவற்றுள் இரண்டாவது பயன், கசிவதற்கு உள்ளே ஏதேனும் உண்டு என்னும் முன்முடிவின் மேல் நிற்பதாகலின், அது தனி ஆய்வுக்கு உரியது. அரசோ அயல்கிரகத்தாரோ இரகசியச் சங்கமோ மனித மனத்தை அலைகளால் ஆட்டுவிப்பதாக நம்புவோரைக் குறிக்கும் கேலிச் சின்னமாக அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இத்தொப்பி வழங்குகிறது. ஒரு பெருநிகழ்வுக்குக் காரணம் மறைவில் கூடிப் பேசிய சிலரே என்று கொள்ளும் விளக்கத்துக்குச் சதிக் கோட்பாடு என்று பெயர். இக்கட்டுரையின் ஆய்வெல்லை தொப்பியின் விளிம்போடு முடிகிறது. அதன் கீழுள்ள முகம், கழுத்து முதலியன பிற ஆய்வாளர்க்கு விடப்படுகின்றன.

முதற்கண் பெயராய்வு. ஆங்கிலேயர் இத்தாளை இன்றும் 'டின் ஃபாயில்', அதாவது வெள்ளீயத் தாள், என்றே வழங்குகின்றனர். 1910ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் அலுமினியத்தை உருட்டித் தாளாக்கும் தொழில் தொடங்கிய பின், சாக்லேட் உறை முதலாக ஒவ்வோர் இடமாக வெள்ளீயம் விலகிக்கொண்டது. பெயர் மட்டும் வீட்டைக் காலி செய்யவில்லை. வெள்ளி இம்மியும் கலவாத எஃகுப் பாத்திரத்தை எவர்சில்வர் என்றும், இதே அலுமினியத்தைச் சில்வர் பேப்பர் என்றும் அழைக்கும் தமிழர் இதைப் பார்த்துச் சிரிப்பதற்கில்லை. வியப்புக்குரியது வேறொன்று. ஓசை சற்று ஒத்திருந்தாலே ஒரு சொல்லின் பிறந்த ஊரைக் கண்டுபிடித்துவிடும் வேர்ச்சொல் வல்லுநர் எவரும் இதுவரை ஃபாயிலின் பக்கம் திரும்பவில்லை. 'பாய்', 'இல்' என இரண்டாகப் பிரித்து, அலை பாய்தல் இல்லாதது பாயில், அதுவே கடல் கடந்து ஃபாயில் ஆயிற்று என்று நிறுவ ஒரு பிற்பகல் போதும். தேநீர் இடைவேளையும் மிஞ்சும்.

தொப்பியின் வரலாறு, தொப்பி இல்லாத ஒருவரிடமிருந்து தொடங்குகிறது. இலண்டன் தேயிலை வணிகரான ஜேம்ஸ் டில்லி மாத்யூஸ், நகரச் சுவருக்கு அருகே நிலவறையில் ஒரு கும்பல் 'காற்றுத் தறி' என்னும் எந்திரத்தை இயக்கி, காந்தக் கதிர்களால் தம்மையும் அமைச்சர்களையும் வதைப்பதாக உறுதியாக நம்பினார். அவர் அடைக்கப்பட்டிருந்த பெத்லெம் மனநல விடுதியின் மருந்தாளர் ஜான் ஹாஸ்லம் 1810இல் இதனை ஒரு நூலாகவே எழுதினார். அக்கும்பலில் உட்கார்ந்து குறிப்பெடுப்பவனுக்குப் 'பள்ளியாசிரியன்' என்று பெயர் என்பது கல்வித்துறையினர் கவனிக்க வேண்டிய செய்தி. இதே மாத்யூஸ், அதற்கு முன்னர் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே நடந்த மெய்யான மறைமுகச் சமாதான முயற்சியில் ஈடுபட்டு, பிரான்சில் சிறையும் இருந்தவர். மறைவில் பேசியவர்களோடு கூட இருந்து பேசிவிட்டு வந்த ஒருவரிடம், மறைவில் எவரும் பேசுவதில்லை என்று சொல்லி நம்பவைப்பது எளிதன்று.

தொப்பியை உலகுக்கு அளித்த பெருமை, கிடைத்த சான்றுகளின்படி, ஜூலியன் ஹக்ஸ்லியையே சாரும். உயிரியலாளராகிய அவர் 1926இல் வெளியிட்ட ஒரு சிறுகதையில், தொலைவிலிருந்து மனத்தை வசப்படுத்தும் ஆற்றலுக்குத் தப்பி ஓடுவோர் உலோகத் தாளால் ஆன குல்லாய் அணிகின்றனர். போதிய தொலைவு வந்துவிட்டோம் என்று எண்ணிக் குல்லாயைக் கழற்றியதும் ஒருவர் வந்த வழியே திரும்பி நடக்கத் தொடங்குகிறார். இக்கதையை எழுதியவரே பின்னாளில் யுனெஸ்கோவின் முதல் தலைமை இயக்குநர் ஆனார் என்ற செய்தியைத் தொப்பியாளர் முன் உரக்கச் சொல்லாதிருத்தல் நலம்.

இனி, இத்துறையின் தீராத வழக்கு. தாளின் எப்பக்கம் வெளியே இருத்தல் வேண்டும்? வீட்டுத் தாளுக்குப் பளபளக்கும் பக்கம் ஒன்று, மங்கிய பக்கம் ஒன்று. ஆலையின் கடைசி உருட்டலில் ஒற்றைத் தாள் கிழிந்துபோகும் என்பதால் இரண்டு தாள்களைச் சேர்த்தே உருளைகளுக்கிடையில் விடுகின்றனர். மெருகேறிய உருளையைத் தொட்ட முகம் பளபளக்கிறது, ஒன்றையொன்று தொட்ட முகங்கள் மங்குகின்றன. வேற்றுமை அவ்வளவே, வானொலி அலைக்கு இரண்டும் ஒன்று. இத்துணை எளிய விடையோடு எழுந்து போவது ஆய்வு மரபு அன்றாகலின், பளபளப்பு வெளியே என்பாரை வெளிக்கலையார் என்றும், உள்ளே என்பாரை உட்கலையார் என்றும் இக்கட்டுரை வகுத்துக்கொள்கிறது. வருகின்ற கதிரை வந்த வழியே அனுப்புதல் தொப்பியின் கடன் என்பது வெளிக்கலையார் துணிபு. தன் எண்ணம் தன்னிடமே திரும்பி வருதல் தொப்பியின் கடன் என்பது உட்கலையார் துணிபு. அவ்வெண்ணம் திரும்பி வரத்தக்கதா என்ற வினாவுக்கு அவர்கள் விடை கூறவில்லை. இரண்டு தாள்களை மங்கிய முகங்கள் ஒட்டுமாறு சேர்த்து இருபுறமும் பளபளக்கச் செய்யும் சமரசக் கலையாரை இருவரும் பந்தியில் சேர்ப்பதில்லை.

இவ்வழக்கைத் தீர்க்கவல்ல ஒரே நூல் இன்னும் எழுதப்படாத ஓர் உரை. எழுதப்படாமையால் அதில் பிழை காண எவராலும் இயலவில்லை. எனினும் அதற்கொரு மறுப்புரை உண்டு. அதுவும் எழுதப்படவில்லை என்றாலும், முன்னதைவிடக் கடுமையான நடையில் எழுதப்படவில்லை. அம்மறுப்புரையின் நடுவே பதினொரு ஏடுகளைக் கறையான் அரித்துவிட்டதாகவும், அரித்த முறையைக் கொண்டு பார்க்கையில் கறையான் உட்கலையைச் சார்ந்தது என்பது பெறப்படுவதாகவும் ஒருசாரார் கூறுவர். எஞ்சிய ஏட்டின் அடிக்குறிப்பு ஒன்று, இப்பொருளை யாம் முன்னரே வேறிடத்து விரித்துரைத்தோம் என்று மட்டும் சொல்லி, அவ்வேறிடம் எதுவெனச் சொல்லாமல் நின்றுவிடுகிறது. இந்த ஒன்றில் அது, பட்டம் வழங்கப்பட்ட ஆய்வேடுகளை முற்றும் ஒத்திருக்கிறது.

தொப்பி பயன் தருமா என்ற சிறு வினாவும் உண்டு. ஒரு கிகாஹெர்ட்ஸ் அலை அலுமினியத்துள் 2.6 மைக்ரான் ஆழம் செல்வதற்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வலிமைக்குத் தேய்ந்துவிடும். வீட்டுத் தாளின் தடிப்போ சுமார் 16 மைக்ரான். ஆகவே தாளின் மேல் குற்றமில்லை. 1836இல் மைக்கேல் ஃபாரடே 12 அடிக் கனசதுர அறையொன்றைக் கட்டி, செப்புக் கம்பியும் காகிதமும் வெள்ளீயத் தாள் பட்டைகளும் கொண்டு அதைச் சுற்றி மூடி, வெளியே மின்னேற்றிவிட்டு உள்ளே மெழுகுவத்தியோடும் கருவிகளோடும் அமர்ந்திருந்தார். மின்னின் சுவடு உள்ளே தட்டுப்படவில்லை. ஃபாரடேயின் அறை நாற்புறமும் மேலும் கீழும் மூடியது; தொப்பி கீழே திறந்தது. எனவே அலைகள், இக்கட்டுரையின் ஆய்வெல்லைக்கு வெளியே விடப்பட்ட கழுத்தின் வழியாக உள்ளே செல்கின்றன. 2005இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர் நால்வர், மூன்று வடிவத் தொப்பிகளைச் செய்து விலையுயர்ந்த கருவியால் அளந்து, 2.6 கிகாஹெர்ட்ஸ் அளவில் மூன்று தொப்பிகளும் அலையை 30 டெசிபெல், அதாவது ஆயிரம் மடங்கு, பெருக்கிக் காட்டுவதாக எழுதினர். தொப்பி பெருக்கும் அலைவரிசைகளுள் சில அரசுக்கு ஒதுக்கப்பட்டவை என்பதால் தொப்பி மோகத்தைப் பரப்பியதே அரசாக இருக்கலாம் என்றும் முடித்தனர். அவர்கள் எழுதியது கேலிக்கு. ஆயினும் அதில் கருவியும் வரைபடமும் முறையாக இருந்தமையால், ஐ.எஸ்.எஸ்.என். எண் தாங்கி வரும் பல கருத்தரங்கக் கோவைகளில் அதற்கு இடம் கிடைத்திராது.

சதிக் கோட்பாடுகளை ஏன் நம்புகின்றனர் என்பதற்கு உளவியலார் சில விடைகள் வைத்துள்ளனர். 2008இல் ஜெனிஃபர் விட்சன், ஆடம் கலின்ஸ்கி ஆகியோர், தம் கைமீறிப்போன நிகழ்வொன்றை நினைவுகூர்ந்தவர்கள் வெறும் புள்ளிக் குவியலிலும் உருவங்களைக் காண முனைவதைக் காட்டினர். பிடி நழுவிய மனம் எதையேனும் பிடித்துக்கொள்ளும் என்க. 2012இல் கென்ட் பல்கலைக்கழகத்தார் கண்டது இன்னும் சுவையானது. இளவரசி டயானா கொல்லப்பட்டார் என்பதை ஏற்கச் சாய்பவரே, அவர் செத்தது போல் நடித்துவிட்டு எங்கோ உயிரோடிருக்கிறார் என்பதையும் ஏற்கச் சாய்ந்தனர். அதிகாரத்தில் இருப்பவர் பொய் சொல்கிறார் என்ற ஒரு தூண் நின்றால் போதும்; அதன் மேல் எத்தனை கூரை, எப்படிக் கோணலாக வேய்ந்தாலும் நிற்கும். முன்னுரையில் கி.மு.விலும் பின்னிணைப்பில் கி.பி.யிலும் ஒரே நூலின் காலத்தை வைக்கும் அறிஞர்க்கு இதில் அதிர்ச்சி இராது. 2016இல் இயற்பியலாளர் டேவிட் கிரைம்ஸ், நிலவுப் பயணம் பொய்யெனில் அதை மறைக்க நாசாவின் 4,11,000 பேரும் வாய்மூடி இருந்திருக்க வேண்டும் என்றும், அவ்வாறாயின் 3.68 ஆண்டுகளில் குட்டு வெளிப்பட்டிருக்கும் என்றும் கணக்கிட்டார். அடுத்த துறைத்தலைவர் யார் என்பதை நான்கு பேர் மூன்று மணி நேரம் மறைத்துவைக்க முடியாத நிறுவனங்களில் பணியாற்றுவோர்க்கு இக்கணக்கு தாராளமாகத் தோன்றும்.

மாறாகத் தொப்பியாளர் காட்டும் சான்றும் ஒன்றுண்டு. மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தின் மேல் சோவியத்தினர் 1950களிலிருந்தே நுண்ணலைக் கற்றையைப் பாய்ச்சி வந்தனர். அமெரிக்க அரசு அதை அறிந்திருந்தும், உள்ளே வேலை செய்த ஊழியர்க்கு 1976 வரை சொல்லவில்லை. சொன்ன ஆண்டில் சன்னல்களுக்கு அலுமினிய வலைத் திரையும் மாட்டியது. வலைக்குப் பளபளக்கும் பக்கம், மங்கிய பக்கம் என்ற வேறுபாடு இல்லாமையால் இந்நிகழ்ச்சியை வெளிக்கலையாரோ உட்கலையாரோ தம் கொள்கைக்குச் சான்றாகக் காட்ட இயலாது. இருவரும் காட்டுகின்றனர்.