பிராங்க்ளின் போட்ட தப்புக் கணக்கு

டிவி ரிமோட் மக்கர் செய்தால் சிங்கப்பூரின் பிடோக் நார்த்தில் எந்தப் பெரியவரும் கடைக்கு ஓடமாட்டார். அதன் முதுகைத் திறந்து, பேட்டரிகளை விரலால் நாலு உருட்டு உருட்டுவார். அதற்கும் மசியாவிட்டால் சன்னலோரம் வெயிலில் காயவைப்பார். பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். பேட்டரித் துறையின் மேதைகள் அடித்த கூத்தைப் பார்த்தால் தாத்தா எவ்வளவோ தேவலை.

1780களில் இத்தாலியின் பொலோனா நகரில் கால்வானி என்ற உடற்கூறு பேராசிரியர், செத்த தவளையின் காலைப் பித்தளைக் கொக்கியில் மாட்டி இரும்புக் கம்பியில் தொங்கவிட்டார். கால் துள்ளியது. தவளைக்குள்ளேயே மின்சாரம் ஊறுகிறது என்று 1791இல் அச்சடித்து வெளியிட்டும் விட்டார். மாமன் தவளையோடு நிறுத்தினார். மருமகன் ஆல்தினி நிறுத்தவில்லை. 1803இல் லண்டனில், தூக்கிலிட்ட கைதியின் உடம்பில் மின்சாரம் பாய்ச்சினார். பிணத்தின் தாடை நடுங்கியது, ஒரு கண் திறந்தது. கூடியிருந்தவர்களைப் பார்த்துவிட்டு அது மேற்கொண்டு எதுவும் சொல்ல விரும்பவில்லை.

தவளையை விடுங்கள், சங்கதி இரண்டு உலோகங்களில் இருக்கிறது என்றார் இன்னொரு இத்தாலியரான வோல்டா. வெள்ளி வில்லை, துத்தநாக வில்லை, நடுவில் உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டை என்று மாற்றி மாற்றி அடுக்கினார். 1800இல் உலகின் முதல் பேட்டரி தயார். அடுத்து அவர் செய்தது, இரண்டு முனைகளையும் தன் காதுகளுக்குள் செருகிக்கொண்டது. ஏதோ கொதிக்கிற மாதிரி சத்தம் கேட்டதாம். மூளைக்கு ஆகாது என்று பயந்து அந்தச் சோதனையைக் கைவிட்டவர், அதையும் லண்டன் ராயல் சொசைட்டிக்கு மறைக்காமல் எழுதினார். மறுவருடம் நெப்போலியன் இந்த அடுக்கைப் பார்த்துச் சொக்கிப்போனார். உலோகங்கள் தொட்டுக்கொள்வதே போதும் என்று வோல்டா சொன்ன விளக்கமும் தப்புதான். வேலை செய்வது ரசாயன மாற்றம். (துத்தநாகத்தைக் காய்ச்சி வடிப்பதை ராஜஸ்தானின் ஜாவரில் பல நூற்றாண்டு முன்பே செய்துகொண்டிருந்தார்கள். அதைக் காதில் செருகிப் பார்க்க நம்மவர்களுக்குத் தோன்றவில்லை.)

1871இல் மதராஸிலிருந்து பினாங்கு வழியாகக் கடலடித் தந்தி சிங்கப்பூர் வந்து சேர்ந்தபோதும் அதை ஓட்டியது பேட்டரிதான். ஆனால் அது திரவம் தளும்பும் ஜாடி. சட்டைப் பையில் வைத்தால் சட்டை மிஞ்சாது. பிரெஞ்சுக்காரர் லெக்லாஞ்சே 1866இல் செய்ததும் அப்படித்தான்: துத்தநாகம், கரி, மாங்கனீசு டை ஆக்சைடு, நவச்சாரக் கரைசல். ஜெர்மானிய மருத்துவர் காஸ்னர்தான் 1886இல் அந்தக் கரைசலைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸோடு குழைத்துத் துத்தநாகக் குப்பிக்குள் அடைத்தார். உலர் மின்கலம் என்று பெயர். உள்ளே ஈரம் முழுக்கக் காய்ந்தால் அது செத்துப்போகும்.

அந்தக் குப்பி வெறும் பாத்திரமல்ல, தீனியும் அதுவே. துத்தநாகம் கரையக் கரைய எலெக்ட்ரான்கள் விடுபட்டு, வெளிச்சுற்று வழியாக நடுவிலுள்ள கரித்தண்டுக்குப் போகின்றன. 1960களில் பிடோக் பக்கத்துக் குன்றுகளை வெட்டிக் கடலில் கொட்டி ஈஸ்ட் கோஸ்ட்டை எழுப்பினார்களே, அந்தக் கதைதான்: இங்கே தேய்ந்தால்தான் அங்கே நடமாட்டம். குப்பி தேய்ந்து ஓட்டை விழுந்தால் டார்ச் லைட்டுக்குள் பிசுபிசுப்பு. தாத்தாவின் வைத்தியத்துக்கும் காரணம் உண்டு. சூடு ரசாயன வேலையைக் கொஞ்சம் முடுக்கும். ஓய்வு கிடைத்தால் மாங்கனீசு டை ஆக்சைடு சற்றுத் தெம்பாகும். உருட்டினால் முனையிலுள்ள அழுக்கு உரசிப்போகும். கால்வானியைவிடத் தாத்தா சரி.

இனி முனைகள். 1747இல் பெஞ்சமின் பிராங்க்ளின், மின்சாரம் மிகுந்த பக்கம் பிளஸ், குறைந்த பக்கம் மைனஸ் என்று பெயர் வைத்தார். எந்தப் பக்கம் மிகுதி என்பது குருட்டாம்போக்கு. 1897இல் ஜே. ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டுபிடித்தார். கடைசியில் பார்த்தால் அது மைனஸிலிருந்து பிளஸுக்கு ஓடுகிறது. அதற்குள் பாடப்புத்தகமெல்லாம் அச்சாகிவிட்டது. திருத்துவதைவிடப் பிள்ளைகளைக் குழப்புவது சுலபம் என்று விட்டுவிட்டார்கள்.

1950களில் லூயிஸ் உர்ரி என்ற கனடாக்காரர் ஆல்கலைன் பேட்டரியைச் செய்தபோது உள்ளதை வெளியே புரட்டினார். அதில் துத்தநாகத் தூள் நடுவே இருக்கிறது, வெளி உருக்குக் குப்பியே பிளஸ். காஸ்னர் வழிவந்த மலிவு பேட்டரியில் அதே வெளிச்சுவர் மைனஸ். இரண்டிலும் குமிழ் மட்டும் பிளஸாகவே இருப்பதால் நம் மானம் தப்பியது. சதுர 9 வோல்ட் பேட்டரிக்குள் 1.5 வோல்ட் கலங்கள் ஆறு. அதன் தலையில் சின்ன வட்டம்தான் பிளஸ், பூப்போல விரிந்த பெரியது மைனஸ்.

பழைய பேட்டரியோடு புதியதைச் சேர்த்துப் போடாதீர்கள். புதியது தள்ளத் தள்ளப் பழையது ஒழுகிவிடும். செத்ததைக் குப்பைக் குழாயில் வீசாதீர்கள். 2021 ஜூலையிலிருந்து சிங்கப்பூரில் அதற்கென்றே மின்கழிவுத் தொட்டிகள் இருக்கின்றன.