பனிக்கட்டியில் போட்ட அஸ்திவாரம்

ஆல்ப்ஸ் மலையின் உச்சிக் குடில்களில் தங்குவதென்றால் இன்று ஏகப்பட்ட தகுதி வேண்டும். இரும்பு முள் கட்டிய பூட்ஸில் நடக்கத் தெரிய வேண்டும், இடுப்பில் கயிறு கட்டத் தெரிய வேண்டும், பனிப்பிளவு எங்கே வாய் திறந்திருக்கும் என்று தெரிய வேண்டும். அனுபவசாலிகளுக்கு மட்டும். இந்த விதி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்திருந்தால் ஆல்ப்ஸின் மோன் பிளாங் மலையின் சரித்திரத்தில் பாதி நடந்தே இருக்காது. அங்கே வீடு கட்டியவர்களில் முக்கியமான ஆசாமிக்குச் சமதரையிலேயே நடக்கச் சிரமம்.

அவர் பெயர் ஜூல் ஜான்சென், பிரெஞ்சு வானியலாளர். சிறுவயது விபத்தில் ஒரு கால் ஊனம். ஆனால் சூரியனை யாராவது மறைத்தால் போதும், மனிதர் அங்கே போய் நிற்பார். 1868 கிரகணத்துக்கு அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூருக்கே வந்துவிட்டார். 1870இல் பிரஷ்யப் படை பாரீஸைச் சுற்றி வளைத்திருந்தபோது பலூனில் ஏறித் தப்பி, அல்ஜீரியாவுக்குக் கிரகணம் பார்க்கப் போனார். சூரியன் மறைந்தது, முதலில் மேகத்தால்.

சூரிய ஒளியின் நிறமாலையில் தெரியும் ஆக்சிஜன் கோடுகள் சூரியனுடையவையா, நம் காற்றுடையவையா என்று அவருக்கு ஒரு சந்தேகம். காற்று மெலிந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆகவே 1888இல் ஏணியில் நாற்காலி பொருத்தி, மோன் பிளாங் அடிவாரத்து ஷாமொனி ஊர்ச் சுமைகூலிகளின் தோளில், உற்சவமூர்த்தி மாதிரி மலையேறினார். 1890இல், 66 வயதில், சறுக்குவண்டியில் உட்கார்ந்து உச்சிவரை இழுக்கப்பட்டார். இறங்கி வந்ததும் ஓர் அரிய கண்டுபிடிப்பையும் அறிவித்தார்: உடம்பை வருத்தாமல் மேலே போனால் மூளை துல்லியமாக வேலை செய்கிறது! வண்டியை இழுத்தவர்களின் மூளை எப்படி வேலை செய்தது என்று விஞ்ஞானம் விசாரிக்கவில்லை.

அதே ஆண்டில் ஜோசப் வல்லோ என்ற பணக்கார விஞ்ஞானி, உச்சிக்குக் கொஞ்சம் கீழே, சுமார் 4,350 மீட்டர் உயரத்தில் பாறைமேல் குடில் கட்டினார். வல்லோவுக்கு நடக்கத் தெரியும். 1887இல் உச்சியிலேயே கூடாரம் போட்டு மூன்று இரவு தங்கியவர். ஆனால் ஆய்வுக்கூடம் என்றால் வெறும் பாரமானியும் வெப்பமானியும்தானா? மனிதர் பின்னால் உள்ளே ஒரு சீன பாணி வரவேற்பறையே அலங்கரித்து வைத்தார். வெளியே புயல், உள்ளே கிழக்கத்திய ஜோடனை. அந்தச் சாமான்களையும் யாரோதான் முதுகில் சுமந்திருக்கிறார்கள்.

ஜான்செனுக்கு அது போதவில்லை. உச்சிக்குக் கொஞ்சம் கீழே கட்டினாலும் அது உச்சி ஆகுமா? ஈஃபிலைக் கூப்பிட்டார், கோபுரம் கட்டிய அதே ஈஃபிலை. அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: பனிக்குக் கீழே பாறை தென்பட வேண்டும். 1891இல் சுரங்கம் தோண்டினார்கள். பாறை வரவில்லை. வேலை நடக்கும்போது கூடப் போன இளம் மருத்துவர் ஒருவர், வல்லோவின் குடிலில் உயர நோயால் இறந்தும் போனார். ஈஃபில் கணக்குத் தெரிந்தவர், விலகிக்கொண்டார்.

வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். ஜான்செனோ, பாறை இல்லையென்றால் என்ன, பனி இருக்கிறதே என்றார். ஆய்வுக்கூடத்தைப் பாரீஸ் பக்கம் மெதோனில் செய்து, பிரித்து, துண்டு துண்டாக மேலே ஏற்றி, 1893இல் உச்சிப் பனிமேலேயே நிறுத்தினார். சாய்ந்தால் நிமிர்த்துவதற்கு அடியில் ஜாக்கி. மழைக்காலத்தில் லாரி சேற்றில் மாட்டினால் செய்கிற ஏற்பாடுதான், இங்கே சேறு 4,800 மீட்டர் உயரத்தில் இருந்தது.

அதே 1893இல் மோந்தே ரோசா மலையில் இத்தாலிய ஆல்ப்ஸ் கழகம் 4,554 மீட்டரில் குடில் கட்டி, ராணி மார்கெரிட்டாவை அழைத்துப் போய்த் தங்க வைத்து அவர் பெயரையே சூட்டியது. பாறைமேல் நின்றதால் அந்தப் பெயர் பிழைத்தது. இப்போதிருப்பது 1980இல் எழுந்த புதுக் கட்டடம்.

ஜான்செனின் வீடு வருஷா வருஷம் அமிழ்ந்தது. அவர் 1907இல் காலமானார். 1909இல் ஆய்வுக்கூடத்தைக் கைவிட்டார்கள். மிச்சத்தை மலை விழுங்கியது.

வல்லோ பெயரில் இன்று அங்கே அவசரத்துக்கு ஒதுங்க ஓர் உலோகப் பெட்டியும் நிற்கிறது. அவசரம் எதுவும் இல்லாதவர்களும் வந்து படுத்துவிட்டுப் போவதாகவும், உள்ளே குப்பை நாறுவதாகவும் புகார். அவ்வளவு தூரம் ஏறி வந்தவர்கள் எல்லாருமே அனுபவசாலிகள்.