குலவை இயல்: திண்ணையிலிருந்து ஒரு சிற்றாய்வு

இந்த ஆய்வு முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்து செய்யப்பட்டது. சிவகங்கைச் சீமையில் எங்கள் ஊர் மாரியம்மனுக்கு முளைப்பாரி போடும் வீட்டுக்குள் ஆண்பிள்ளை கால் வைக்கக் கூடாது. ஆகவே ஏழு இரவுகள் அந்த வீட்டுத் திண்ணையில் ஒரு நாற்பது பக்க நோட்டோடு காத்திருந்தேன். உள்முற்றத்தில் நடந்ததில் என் கண்ணுக்குக் கிடைத்தது கதவிடுக்கில் வந்த வெளிச்சம் மட்டுமே. இசை ஆராய்ச்சிக்குக் காது போதும் என்பது அறிஞர் துணிபு. அந்த அறிஞரும் நானே.

முதலில் சொல்லாராய்ச்சி. தென்மாவட்டங்களில் குலவை, மட்டக்களப்பில் குரவை, மலையாளத்தில் குரவ. ரகரமும் லகரமும் ஒன்றின் இடத்தில் ஒன்று வந்து உட்காருவது தமிழில் புதிதன்று. எனவே இது பழைய குரவைக் கூத்தின் எச்சமே என்பார் ஒரு சாரார். கூத்து காலால் ஆவது, குலவை நாவால் ஆவது, இரண்டையும் முடிச்சுப் போடலாகாது என்பார் மற்றொரு சாரார். எட்டு இரவும் பாட்டு எடுத்துக் கொடுக்கும் அப்பத்தா (ஊருக்கே அப்பத்தா) எச்சாராரையும் சாராதவள். "கொலவைன்னா கொலவைதான். அதுல என்னடா ஆராய்ச்சி?" என்றாள். இக்கருத்து இவ்வாய்வில் மூன்றாம் சாராராகக் கொள்ளப்படுகிறது.

பிறப்பிலக்கணத்தில்தான் சிக்கல். எழுத்துகள் பிறக்கும் இடங்களாகத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டைத் தொல்காப்பியர் வகுத்தார். குலவைக்கு நெஞ்சு காற்றைத் தர வேண்டும், மிடறு உச்சத்துக்கு ஏற வேண்டும், இதழ் குவிய வேண்டும், நாக்கு எதிலும் ஒட்டாமல் இடமும் வலமும் துடிக்க வேண்டும். இத்தனை உறுப்பும் உழைத்தும் அது எழுத்தாவதில்லை. எழுத்தாகாதது சொல்லாகாது, சொல்லாகாததற்குப் பொருள் கிடையாது. ஆக, இலக்கணப்படி குலவை பொருளற்ற ஓசை. இந்த முடிவை நோட்டில் எழுதிய அன்று சாயங்காலம் கோயில் வாசலில் பொங்கல் பானை பொங்கியது. பெண்கள் மூன்று முறை குலவை போட்டார்கள். வேப்பமரத்தடிக் கயிற்றுக் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த பூசாரி எழுந்து, வேட்டியை இறுக்கிக்கொண்டு, சூடத் தட்டைத் தேடி ஓடினார். முடிவை அடித்துவிட்டேன்.

குலவைக்கு வேறு பயன்களும் உண்டு. கும்மிப் பாட்டில் அதுவே முற்றுப்புள்ளி. சாமி வந்து ஆடுகிறவளுக்கு அதுவே வரவேற்பு. மூன்றாவது பயனை எந்த நூலும் சொல்லவில்லை. ஐந்தாம் இரவில்தான் பிடிபட்டது. அப்பத்தாவுக்கு அடுத்த அடி மறந்துபோனால் உடனே ஒரு குலவை எழும். அது அடங்குவதற்குள் அடி நினைவுக்கு வந்துவிடும். மேடைக் கச்சேரிப் பாடகர்கள் இதற்குத் தண்ணீர் குடிக்கிறார்கள்.

சிலப்பதிகாரத்துக்கு வருவோம். ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு பெண்களை வட்டமாக நிறுத்தி குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஆளுக்கொரு சுரத்தின் பெயரைச் சூட்டுகிறாள். எங்கள் ஊர் வட்டத்தில் முப்பது பேர். ஏழு சுரத்துக்கு ஏழு பேர் போனால் மீதி 23. ஒரு ஸ்தாயிக்குச் சாத்திரம் ஒப்புக்கொண்ட சுருதிகளோ 22. கணக்குப்படி ஒருவர் எந்தச் சுருதியிலும் சேராமல் நிற்க வேண்டும். அவர் யார் என்பது ஊருக்குத் தெரியும். உறவுமுறை கருதி இங்கே பெயர் தவிர்க்கப்படுகிறது.

அந்தக் குரவை மாயவனுக்கானது என்று சைவ நண்பர்களோ சாக்த நண்பர்களோ ஆட்சேபிக்கலாம். அவர்கள் குன்றக் குரவையைப் புரட்டட்டும். வேங்கை மரத்தடியில் ஒற்றை முலையோடு நின்று விண்ணேறிய கண்ணகியை முதலில் தெய்வமென்று கண்டது மலைக்குறவர் குடி. அங்கே குறத்தியர் அன்றைக்கே குரவை ஆடிவிட்டனர். சேரன் செங்குட்டுவன் படை திரட்டி, இமயத்தில் கல் எடுத்து, கங்கையில் நீராட்டிக் கொண்டுவந்து கோயில் கட்டியதெல்லாம் பிறகு. அதாவது வழிபாடு முதல் நாளே நடந்துவிட்டது. கமிட்டி கூடத்தான் நாளாகியிருக்கிறது.

கண்ணகி கதையோடு இன்றும் பெண்கள் கூடும் இடம் திருவனந்தபுரத்து ஆற்றுக்கால். 2009இல் அங்கே 25 லட்சம் பெண்கள் பொங்கலிட்டதாகக் கின்னஸ் புத்தகம் பதிந்தது. தோற்றம் பாட்டில் பாண்டியன் மாளும் கட்டம் வந்த பிறகே பண்டார அடுப்பில் தீ மூட்டுவார்கள். அந்தப் பாட்டைப் பாடுகிறவர்கள் ஆண்கள். மட்டக்களப்புக் கண்ணகை அம்மன் கோயில்களில் வழக்குரை படிப்பவர்களும் ஆண்கள். இடையில் குரவை போடுவது மட்டும் பெண்கள். சொல் ஆணுக்கு, ஓசை பெண்ணுக்கு என்ற இந்தப் பாகப்பிரிவினையை முளைப்பாரி வீடு மட்டும் ஏற்கவில்லை. அங்கே சொல்லும் அவர்களுடையதே. அதனால்தானோ என்னவோ, அது அச்சேறவும் இல்லை.

வடமொழிப் பக்கமும் ஒரு பார்வை வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வுக்குக் கனம் போதாது. லலிதா சகஸ்ரநாமத்தை அகத்தியருக்கு ஹயக்ரீவர் உபதேசித்தார் என்று பிரம்மாண்ட புராணம் சொல்கிறது. ஆனால் இயற்றியது அவரில்லை. தேவியின் கட்டளைப்படி வசினி முதலான வாக்தேவதைகள் எட்டுப் பேர் சேர்ந்து செய்தது. ஆயிரம் பெயரில் ஒன்றுகூட இரண்டாம் முறை வராது. எட்டுப் பேர் கூடி எழுதிய ஒன்றில் கூறியது கூறல் இல்லை என்பதைவிடப் பெரிய தெய்வீகச் சான்றை நான் அறியேன். ஆயிரத்தில் முதல் பெயர் தாய் என்பது. பேரரசி இரண்டாவதாகத்தான் வருகிறாள். இதற்கெல்லாம் காவிரிக் கரையில் இருந்த பாஸ்கரராயர் 18ஆம் நூற்றாண்டில் பேருரை எழுதினார். இன்று வெள்ளிக்கிழமை தோறும் அபார்ட்மென்ட் மாமிகள் ஒரே நிறப் புடவையில் உட்கார்ந்து அதைச் சொல்கிறார்கள். புத்தகம் கையில் இருப்பதால் யாருக்கும் அடி மறப்பதில்லை. குலவைக்கும் வேலையில்லை.

முளைப்பாரி வேறு ரகம். செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டுகிறார்கள். கரம்பை மண், வைக்கோல், ஆட்டெரு போட்ட சட்டியில் வீடுவீடாக வாங்கிய நவதானிய முத்தைப் பரப்பி இருட்டறையில் வைக்கிறார்கள். விரதம் இருக்கும் ஒருத்திதான் உள்ளே போய்த் தண்ணீர் தெளிப்பாள். இரவானால் மற்றவர்கள் முற்றத்தில் சுற்றிவந்து கும்மி கொட்டுவார்கள். அப்பத்தா ஓர் அடி போட, மற்றவர்கள் தானானே போட, முத்து வாங்கிய கதை, ஊறவைத்த கதை, முதல் நாள் முளைவிட்ட கதை, இரண்டாம் நாள் இலைவிட்ட கதை என்று பயிரோடு பாட்டும் நாள்வாரியாக வளரும். மழை வராத ஆண்டென்றால் நடுவில் ஆத்தாளுக்கு ஏச்சும் உண்டு. பெற்ற தாயை ஏசுகிற அதே உரிமை, அதே ஒருமை. எட்டாம் நாள் வெளியே எடுத்தால் ஒரு முழ உயரத்தில் வெளிர் மஞ்சளாகப் பயிர் நிற்கும்.

வெளிச்சம் படாததால் தண்டு வெளிச்சத்தைத் தேடி வேகமாக நீள்கிறது என்பது தாவரவியல். பாடியதால் வளர்ந்தது என்பது அப்பத்தா. இதைத் தீர்க்க ஒரு சோதனையைப் பரிந்துரைத்தேன். அதே மண், அதே முத்து, அதே இருட்டு. ஒரு சட்டியை மட்டும் பாட்டுக் கேட்காத தூரத்தில் வைத்துப் பார்க்கலாம் என்றேன். அப்பத்தா வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுவிட்டு, "வைப்போம். அந்தச் சட்டி ஒன் வீட்டுச் சட்டியா இருக்கட்டும்" என்றாள். முளைப்பாரி சரியாக வளராத வீட்டைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பது எனக்குத் தெரியும். சோதனை கைவிடப்பட்டது.

இனி ஒலியியல். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று வரம்பு கட்டின. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. எங்கள் ஊரில் அதிகாலை ஐந்துக்கே பனைமரத்தில் கட்டிய நான்கு குழாய்களிலிருந்தும் எல்.ஆர். ஈஸ்வரி எழுந்துவிடுகிறார். ஒரே பெண்குரல் நான்கு குழாய் வழியே வந்தால் அது தனிப்பாடலா, கூட்டுப் பாடலா என்ற நுட்பமான வினா இங்கே எழுகிறது. மைக் செட்காரர் கூட்டுப் பாடல் என்கிறார். வாடகை குழாய்க் கணக்கு என்பதால் அவர் சாட்சியம் தள்ளப்பட்டது. முப்பது பேரின் கைத்தட்டும் குலவையும் எத்தனை டெசிபல் என்று அளக்க என்னிடம் கருவி இல்லை. கண்மாய்க் கரை வரை கேட்டது.

எட்டாம் இரவு முளைக்கொட்டுத் திண்ணையில் கும்மி. அங்கே ஆண்களும் நின்று பார்க்கலாம். ஏழு இரவு காதால் கேட்டதை அன்றுதான் கண்ணால் கண்டேன். குனிந்து ஒரு கொட்டு, நிமிர்ந்து ஒரு கொட்டு. வட்டத்தின் நடுவே செருப்பில்லாத காலோடு அப்பத்தா. ஆர்வக்கோளாறில் கமிட்டி இளைஞர் ஒருவர் அவள் வாய்க்கு நேரே மைக்கை நீட்டினார். அப்பத்தா பாட்டை நிறுத்திவிட்டு, "ஆத்தாளுக்குக் காது நல்லாத்தான் கேக்குது, எடுய்யா" என்றாள். மைக் போனது. விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடர்ந்தது. குலவைகூடத் தேவைப்படவில்லை.

பின்னிணைப்பாக நிதிநிலை. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி உண்டு. கணவன் இல்லாத வீட்டுக்கு எங்கள் ஊரில் அரை வரி. அப்பத்தா கொடுப்பது அரை வரி, பாடுவது முழுப் பாட்டு. புருஷன் இல்லாதவள் என்பதால் முளைப்பாரி தூக்கும் வரிசையில் அவளுக்கு இடமில்லை. ஆனால் அவள் முதல் அடி எடுக்காமல் அந்த வரிசை நகராது.

இந்த ஆண்டு நோட்டீஸ் அடிக்கும்முன் கமிட்டிப் பொருளாளரிடம் ஒரு யோசனை சொன்னேன். தலைவர், துணைத்தலைவர்கள், கௌரவ ஆலோசகர்கள், வெளிநாடு வாழ் இளைஞர்கள் என்று பக்கம் முழுக்கப் பெயர் வருகிறதே, "மாலை 4 மணி: முளைப்பாரி எடுத்தல்" என்ற வரிக்குக் கீழே பாட்டு எடுத்துக் கொடுப்பவர் பெயரையும் போடலாமே என்றேன். "தாராளமா போட்டுருவோம் மாப்ள. அப்பத்தா பேரு என்ன?" என்றார். எனக்குத் தெரியவில்லை. டீக்கடையில் இருந்த ஒன்பது பேருக்கும் தெரியவில்லை. நேரே போய்க் கேட்டேன். "பேரா? ரேஷன் கார்டுல இருக்கும், பாத்துக்க" என்றாள்.

பார்த்தேன், இருந்தது. எழுதிக்கொண்டு திரும்புவதற்குள் நோட்டீஸ் அச்சுக்குப் போய்விட்டது. மைக் செட்காரர் பெயரும் அவருடைய இரண்டு செல் நம்பரும் பிழையில்லாமல் வந்திருக்கின்றன.