போட்டோவைப் பார்த்து வரையலாமா?

வாசகி, கிட்வாய் நகர், புது தில்லி: ஞாயிறுதோறும் கூடி ஆயில் பெயின்ட்டிங் போடுகிறோம். போனில் எடுத்த போட்டோவைப் பார்த்து வரைவது மோசடி என்கிறார் ஒரு மாமா. குளிரில் பெயின்ட் வேறு காயமாட்டேன் என்கிறது!

பதில்: ஓவியர் ரவிவர்மாவே போட்டோவைப் பார்த்து வரைந்தவர்தான். ஆக, இது பெரிய இடத்து மோசடி! மாமாவை இந்தியா கேட் பக்கம் ஜெய்ப்பூர் ஹவுஸ் ஓவியக்கூடத்துக்கு அனுப்புங்கள். அம்ரிதா ஷேர்கில் ஓவியங்களைப் பார்க்கட்டும். அவருடைய அப்பா உம்ராவ் சிங் கேமராவும் கையுமாக இருந்தவர்; கேமராவும் தூரிகையும் ஒரே வீட்டில்! ஆனால் போட்டோவில் நிழல் பல நேரம் வெறும் கறுப்பாக விழும். அதை அப்படியே அப்பினால் மாமா கட்சி ஜெயித்துவிடும்.

ஆயில் பெயின்ட் தண்ணீர் வற்றிக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகும்; குளிரில் அது மெதுவாகும். டைட்டானியம் வெள்ளை காய இழுத்தடிக்கும்; பர்ன்ட் அம்பர் சமர்த்து, சீக்கிரம் காயும். பொறுமை போய் படத்தை ஹீட்டர் முன்னால் நிறுத்தாதீர்கள். முடித்த படத்தை ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள்.