கட்டணம் கட்டிய பூனை

கத்திரி வெயிலுக்கு முன்பே தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் மின்கம்பங்களில் கோடைமுகாம் தட்டிகள் ஏறிவிடுகின்றன: கோடிங், ரோபோட்டிக்ஸ், ஏஐ, வயது ஐந்து முதல். நாலு வயதுக்காரர்கள் என்ன பாவம் செய்தார்களோ!

தரையில் ஒட்டிய கறுப்பு டேப் மேல் குட்டி ரோபோ ஒன்று கோடு பிசகாமல் ஊர்கிறது. சொன்ன வழியில் போகும் எதையும் வீட்டில் கண்டிராத பெற்றோர் கண்கலங்கிப் படமெடுக்கிறார்கள். திரையில் ஒரு பூனையை நகர்த்தப் பழக்கும் ஸ்க்ராட்ச் மென்பொருள், அமெரிக்காவின் எம்ஐடி 2007இல் வெளியிட்டது, இணையத்தில் இலவசம். ஆனாலும் பணம் கட்டினால்தான் பூனை ஒழுங்காக நடக்கும்.

அசோக் நகரில் வளர்ந்த சுந்தர் பிச்சைக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. பாவம், உலோகவியல் படித்துக் கூகுளில் ஒப்பேற்ற வேண்டியதாயிற்று.

உல்ஃப் குப்தா அப்படியல்ல. கோடிங் கற்றுக் கூகுளில் கோடிகளை அள்ளிய சிறுவன் என 2020இல் கோடிங் பயிற்சி நிறுவனமான ஒயிட்ஹேட் ஜூனியரின் விளம்பரங்கள் கொண்டாடின. அவன் வயதும் சம்பளமும் விளம்பரத்துக்கு விளம்பரம் மாறின. அப்படியொரு பையனே கிடையாது என்பது பிறகு தெரிந்தது. அதே ஆண்டு இணையவழிப் பாடங்களை விற்ற பைஜூஸ் அந்த நிறுவனத்தை 30 கோடி டாலருக்கு வாங்கியது.

இல்லாத பிள்ளைக்கே இத்தனை மதிப்பு. குரோம்பேட்டையில் கர்ப்பிணிகள் இப்போதே முன்பதிவு செய்து வைப்பது நல்லது.